கலப்பு நேற்று வந்ததல்ல

கொழும்பு இளைஞர்கள்தான் பிறமொழிச் சொற்களைக் கலந்து நம் தமிழைக் கெடுத்துவிட்டார்கள், தாத்தா காலத்தில் கலப்பே இல்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. அவருடைய தாத்தா காலையில் பாண் வாங்கி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். பாண், சப்பாத்து, யன்னல், கதிரை நான்கும் போர்த்துக்கேயம். அலுமாரியும் அப்படித்தான். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். 1656இல் கொழும்பை ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் கந்தோரும் கக்கூசும். (பின்னதை யாரும் ‘தூய தமிழ்’ என்று உரிமை கோர மாட்டார்கள் என்று நம்புகிறேன்.) சிங்களத்திலும் இதே சொற்கள் ஜனேலய, அல்மாரிய, கந்தோருவ என்று வழங்குகின்றன.

இளையவர்கள் ஆங்கிலச் சொற்களை அதிகம் கலக்கிறார்கள் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே இளையவர்கள் கந்தோர் என்று சொல்வது அரிது. அலுவலகம் என்கிறார்கள், அல்லது ஆபீஸ் என்கிறார்கள். கலப்புச் சொல் ஒன்று போன இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லும் வந்திருக்கிறது. அதை அந்த நண்பர் கணக்கில் எடுக்கவே இல்லை.