பழைய றேடியோவுக்குள் சிவப்புப் பாதரசமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு வட்சப் குழுக்களில் பழைய விளம்பரப் படம் ஒன்று சுற்றுகிறது. ஹாலிகிராப்டர்ஸ் எஸ்-38 என்ற றேடியோ. பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு வால்வு, அதாவது பழைய றேடியோக்களுக்குள் இருக்கும் குழாய் போன்ற மின்பாகம். "இதற்குள் சிவப்புப் பாதரசம் இருக்கு, ஒரு வால்வுக்கே பல லட்சம், பரணில் தேடுங்கோ" என்று கூடவே ஒரு குரல் பதிவு.

விளம்பரம் உண்மை, பாதரசக் கதை பொய். அந்த றேடியோ 1946இல் சிகாகோ நிறுவனம் ஒன்று அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலிக்காரருக்கும் சிற்றலை கேட்போருக்கும் விற்ற மலிவு ரிசீவர். விலை 39.50 டொலர், ஆறு வால்வுகள். அதன் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. பாகப் பட்டியலைப் பார்த்தால் பாதரசம் இல்லை என்று தெரியும்.

கண்ணாடி வால்வுக்குள் வெள்ளியாக மினுங்கும் பூச்சைத்தான் பாதரசம் என்கிறார்கள். அது பேரியம். உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சப் பூசுவது. வால்வு கீறி காற்றுப் புகுந்தால் பால்வெள்ளையாகிவிடும். பெரிய டிரான்ஸ்மிட்டர்களின் 866 என்ற வகை வால்வில் பாதரசம் உண்டுதான். ஆனால் சாதாரண வெள்ளி நிறத் துளி, உடைத்தால் நஞ்சு.

அணுகுண்டுக்கு உதவும் என்று வதந்தி பரவிய சிவப்புப் பாதரசம் என்று ஒரு பொருளே இல்லை என சர்வதேச அணுசக்தி முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. 2009இல் சவூதியில் இதே கதை பழைய தையல் மெசினை வைத்து ஓடியது!

இதைச் சொல்லி யாராவது முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செய்தி வந்தால் மற்றவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அப்பப்பாவின் றேடியோ வீட்டில் இருந்தால் தயவுசெய்து உடைக்க வேண்டாம். முழுதாக இருந்தால்தான் சேகரிப்பவர்கள் வாங்குவார்கள்.