சேதி வந்தது, கைமாறவில்லை

ஐ.நா. அமைதிப்படைக்கு நாலு ட்ரோன் வாங்கிக் கொடுத்துவிட்டால் உளவுத் தகவல் தானாக வந்து கொட்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. தகவல் கிடைக்காமல் கெட்டதைவிட, கிடைத்த தகவல் உரிய ஆளிடம் போகாமலோ, போயும் பயன்படாமலோ கெட்டதுதான் அங்கே அதிகம்.

ருவாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுதம் பதுக்கியிருக்கிறார்கள், டுட்சி மக்களைக் கொல்லத் திட்டம் இருக்கிறது என்று உள்ளிருந்தே ஒருவன் சொன்னதை, அங்கிருந்த ஐ.நா. படைத்தளபதி டாலேர் 1994 ஜனவரி 11-ஆம் தேதியே நியூயார்க்கில் இருக்கிற ஐ.நா. தலைமையகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். ‘கிடங்கில் கைவைக்காதே, அந்த நாட்டு அதிபரிடம் போய்ச் சொல்’ என்று பதில் வந்தது. ஏப்ரலில் தொடங்கிய இனப்படுகொலை ஊருக்கே தெரியும்.

மாலியில் வேறு மாதிரி. நெதர்லாந்து, ஸ்வீடன் முதலான ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஐ.நா. படைக்குள் தனி உளவுப் பிரிவே வைத்தன. ட்ரோன், ஆய்வாளர், எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் கணினி வலையமைப்பு தனி. வடக்கே கண்ணிவெடியில் செத்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்கப் படைவீரர்களுக்கு அதற்குள் நுழைய வழியில்லை. தாமிரபரணியில் மேலே பாபநாசத்தில் வெள்ளம் தெரிந்தும் கீழே ஸ்ரீவைகுண்டத்துக்காரனுக்குச் சொல்லாமல் விட்டால், அளந்து எழுதிய கணக்கால் யாருக்கு என்ன லாபம்?

எங்கள் தெருவில் ஒரு சுபேதார் அண்ணாச்சி இருக்கிறார். ஐ.நா. படையில் காங்கோவில் கிவு பக்கம் இருந்தவர். (பாளையங்கோட்டையில் எந்தத் தெருவிலும் ஒரு பட்டாளத்துக்காரர் அகப்படுவார்.) “கேம்ப் வாசல்ல கரி விக்க வார பொம்பள ரெண்டு நாளா வரலைன்னா ராத்திரி ரோந்தை மாத்திருவோம் தம்பி. அதக் கண்டுபிடிச்சுச் சொல்லுதது எங்க கூட இருந்த உள்ளூர்ப் பையன்தான். நமக்கு அவங்க பாஷை என்ன தெரியும்?” என்றார்.

அந்தப் பையனைப் போன்றவர்களைத்தான் காங்கோவில் சமூகத் தொடர்பு உதவியாளர் என்று வேலைக்கு வைத்தார்கள். அமைதிப்படை உளவு பற்றிய ஐ.நா.வின் 2017 கொள்கைப்படி மறைமுக உளவு வேலை கூடாது. அது சரிதான் என்பேன். ஐ.நா. அமைதிப் பணிகளை ஆராய்ந்த பிரஹிமி குழு 2000-இல் கேட்ட தகவல் பகுப்பாய்வுப் பிரிவையே, நம்மையே வேவு பார்ப்பார்களோ என்று உறுப்பு நாடுகள் முடக்கிப்போட்டன. அப்படியிருக்க, ஊர்க்காரன் நம்பிச் சொல்கிற சொல்லை விட்டால் பெரிய முதல் என்ன இருக்கிறது?

ஆகவே உளவுப் பிரிவை அமைக்கிறவர்கள் முதலில் செய்யவேண்டியது, ஒதுக்குப்புறத்து முகாமில் இருக்கிற கம்பெனி கமாண்டருக்கு அன்றைய தகவல் அன்றைக்கே, அவருக்குப் புரிகிற மொழியில் போய்ச் சேர வழி செய்வது. அடுத்தது, சொன்னவன் பெயர் எந்த அறிக்கையிலும் வராமல் பார்ப்பது. அரசாங்கம் போகச் சொன்னதும் 2023 டிசம்பருக்குள் மாலியைவிட்டு ஐ.நா. மூட்டை கட்டிவிட்டது. தகவல் சொன்ன ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கான பாதுகாப்புத் திட்டத்தை முகாம் திறக்கிற அன்றே எழுதி வைக்கவேண்டும், மூடுகிற அன்று அல்ல.