ஓட்டுப் போட்டீங்களா?

வீணையில் மோகன ராகம் வாசித்து ஓர் ஆன்லைன் போட்டிக்கு அனுப்பினேன். நாலு நிமிடப் பதிவு, மூன்று வாரப் பயிற்சி. அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தது என் தப்பு. ஜெயிப்பது யார் என்பதை மக்கள் ஓட்டுதான் முடிவு செய்யுமாம், ஆளுக்குத் தினம் ஒரு ஓட்டு. அன்றிலிருந்து வீணையைத் தொடவில்லை, போனைத்தான் மீட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாட்ஸ்அப் ஒரு தடவைக்கு 5 இடத்துக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய விடாது. சரி, ஒரே மெசேஜைப் பலருக்கும் ஒன்றாக அனுப்பும் பிராட்காஸ்ட் போடலாம் என்றால், என் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். சொந்தச் சித்தப்பாவே சேமிக்கவில்லை என்பது இப்படித்தான் தெரிந்தது.

லிங்கைத் தட்டினால் மொபைல் நம்பர் கேட்கும், அப்புறம் ஓடிபி. "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பேங்க் அனுப்பிய மெசேஜை அத்தை எனக்கே அனுப்பி வைத்தார். மாமா கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, "ஓட்டுப் போட்டாச்சு மாப்ள" என்கிறார். அது ஓட்டு இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முதலிடத்தில் இருக்கும் பையனுக்குத் தாளமே சரியாக வரவில்லை. ஆனால் அவன் அப்பா டியூஷன் சென்டர் நடத்துகிறார். அத்தனை பிள்ளைகள், அத்தனை பெற்றோர், தினம் தினம் ஓட்டு! பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: "ஓட்டுப் போட்டுட்டேன்பா, ரொம்ப நல்லாப் பாடியிருந்தே."