பாக்கிப் பட்டியல் வாசிப்பது ஊழியமா?

ஞாயிற்றுக்கிழமை நம் சபை ஆராதனையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வீடியோ எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அதன் கீழே “போதகர் செய்தது சரிதானே, வேதத்தில் இருப்பதைத்தானே சொன்னார்” என்று நான் மதிக்கிற ஆட்களே எழுதுகிறார்கள். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

வீடியோவில் மேடை மட்டும்தான் தெரிகிறது. தசமபாகம், அதாவது சபைக்குக் கொடுக்கிற பத்தில் ஒரு பங்கு, பாக்கி வைத்திருப்பவர்கள் என்று போதகர் பெயர் பெயராக வாசிக்கிற குரல் கேட்கிறது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வேறொன்று தெரிந்தது. எனக்கு முன்வரிசையில், பட்டியலில் பெயர் இருந்த ஒரு சகோதரி இருந்தார். தன் பெயர் வந்ததும் அவர் நிமிரவே இல்லை. மடியில் திறந்திருந்த வேதாகமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மகன் “அம்மா, உங்க பேரா?” என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது இருவரும் பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்விட்டார்கள்.

அவருடைய கணவர் படுக்கையில் இருப்பது நம் சபையில் யாருக்குத் தெரியாது? வாரா வாரம் ஜெபக் குறிப்பில் அவர் பெயரை வாசிக்கிறோமே! அதே மேடை, அதே மைக். ஜெபக் குறிப்பில் கணவர் பெயர், பாக்கிப் பட்டியலில் மனைவி பெயர். இரண்டையும் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு நிமிடம்கூட உறுத்தவில்லையா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பணத்தில் உண்மையாயிருப்பது என்றால் மொத்தப் பணத்திலும் உண்மையாயிருப்பது. எப்படிச் சம்பாதித்தோம், யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோம், வாங்கிய கடனை அடைத்தோமா, வீட்டில் இருப்பவரைக் கவனித்தோமா, இல்லாதவருக்குக் கை நீட்டினோமா என்று எல்லாமே அதில் வரும். காணிக்கைக் கவரில் போடுகிற பங்கு அதில் ஒரு பகுதி. அந்த ஒரு பகுதியை மட்டும் அளந்துவிட்டு ஒருவரை உண்மையுள்ளவர், உண்மையற்றவர் என்று தீர்ப்பு எழுத யாருக்கும் அதிகாரம் கிடையாது.

வேதாகமத்தில் மல்கியா 3-ஐத்தான் அன்றைக்கும் வாசித்தார்கள். “மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?” எட்டாம் வசனம். நல்லது, நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் அதற்கு மூன்று வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று ஏன் யாரும் வாசிப்பதில்லை? ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும், பரதேசிக்கு, அதாவது வேற்றூரிலிருந்து வந்து தங்கியிருப்பவனுக்கு, அநியாயம் செய்கிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாய் வருவேன் என்கிறார் கர்த்தர். சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர் வரிசையிலேயே கூலியைப் பிடித்து வைக்கிறவனையும் நிறுத்துகிறார். அந்த வசனத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்து மேடையில் வாசியுங்கள் பார்ப்போம். யார் யார் பெயர் வரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்றால், நான் அதை அனுபவித்திருக்கிறேன். இப்போதைய சபைக்கு வருவதற்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தின் முதலாளி ஒரு விசுவாசி. நானும் அவரும் ஒரே சபை. எங்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. கேட்டால் “ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் வழி திறப்பார்” என்பார். அம்மாவுக்கு மாத்திரை வாங்க நான் கூடப் படித்தவனிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதுதான் கட்டட நிதிக்கு அவர் பெரிய தொகை கொடுத்தார். ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த ஒரு காசோலையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் நடுவில் நின்று சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்திருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது. அந்தக் காசோலையில் எங்கள் சம்பளமும் இருந்தது. அங்கே கைதட்டியவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

அவருடைய பெயர் எந்தப் பாக்கிப் பட்டியலிலும் வரவில்லை. வரவும் வராது. தசமபாகத்தில் அவர் சுத்தம்! கூலி கொடுக்காமல் பிடித்துக்கொண்ட பணம் கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு 5-இல் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைக் காசோலைதான் கண்முன் வருகிறது.

சரி, இப்போது எனக்கு வரப்போகிற பதில்களுக்கு வருகிறேன். சில ஏற்கெனவே வந்துவிட்டன.

“அப்படியென்றால் தசமபாகமே கொடுக்க வேண்டாம் என்கிறாயா?” நான் கொடுக்கிறேன், கொடுப்பேன். எவ்வளவு என்று இங்கே சொல்ல மாட்டேன், ஏனென்றால் வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று சொன்னவர் இயேசு. கொடுப்பவரின் பெயரையே அறிவிக்காதே என்றவர், கொடுக்காதவரின் பெயரை அறிவிக்கச் சொல்வாரா? ஆனால் தசமபாகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் உபாகமம் 14-ஐ ஒரு முறையாவது முழுதாகப் பிரசங்கித்திருக்கிறார்களா? இருபத்திரண்டாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், கர்த்தருடைய சந்நிதியில் நீயும் உன் வீட்டாரும் புசித்துச் சந்தோஷப்படு என்கிறது. தூரமாக இருந்தால் அதைப் பணமாக்கி எடுத்துப் போய், அங்கே உனக்கு விருப்பமானதை வாங்கிக்கொள் என்கிறது. ஆலய ஊழியம் செய்கிற லேவியனைக் கைவிடாதே என்றும் சொல்கிறது, மறுக்கவில்லை. அப்புறம் மூன்றாம் வருஷத்துப் பங்கை அவரவர் ஊர் வாசலிலேயே வைக்க வேண்டும். யாருக்காக? லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். அவர்கள் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். இதுதான் வேதம் சொல்கிற தசமபாகம். அந்தக் குடும்பம் இன்று இருக்கும் நிலையில், தசமபாகத்திலிருந்து வாங்க வேண்டிய வீடு அது. அந்த வீட்டுக்குப் பாக்கி வைத்திருப்பது நாம்.

“தேவனுக்கு முதலிடம், அப்புறம்தான் குடும்பம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது கேட்பதற்கு. ஆனால் மாற்கு 7-இல் யூத மதத் தலைவர்களான பரிசேயர் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே? அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று போதித்தார்கள். உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார் இயேசு. அப்போஸ்தலன் பவுல் இன்னும் கடுமையாகச் சொல்கிறார்: தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன். கணவருக்கு மருந்து வாங்கிய சகோதரி விசுவாசத்தை மறுதலித்தவரா, காத்துக்கொண்டவரா? நீங்களே சொல்லுங்கள்.

இதில் புதிதாக எதையும் நான் சொல்லிவிடவில்லை. 1517-இல் ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 95 கருத்துகளை எழுதியபோது பிரச்சினை இதேதான். ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பணம் வேண்டும். பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். இல்லாதவர்களும் பயந்துபோய் வாங்கினார்கள். நாற்பத்தாறாவது கருத்தில் லூத்தர் என்ன எழுதினார் தெரியுமா? தேவைக்கு மேல் இல்லாதவர்கள் தங்கள் வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும், அதைச் சீட்டுக்காக வீணாக்கக்கூடாது என்று கிறிஸ்தவர்களுக்குப் போதிக்க வேண்டும் என்றார். அதற்கு முந்தினதில், ஏழையைக் கண்டும் காணாமல் போய்ச் சீட்டு வாங்குகிறவன் வாங்குவது தேவகோபத்தை என்கிறார். சீர்திருத்தத் திருநாளை வருஷா வருஷம் ஆசரிக்கிற நாம், அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதைப் படிக்க வேண்டாமா?

“விதவை தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்டாளே?” இது எல்லோரும் எடுக்கிற கடைசி ஆயுதம். போட்டாள். தானாக, மனதாரப் போட்டாள். யாரும் அவள் பெயரை வாசிக்கவில்லை. இயேசு அவளைப் பாராட்டினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன்னால் அவர் பேசியது விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதத்தைப் போதித்தவர்களைப் பற்றி. அது நாற்பதாம் வசனம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் மாற்கு. அந்த விதவையின் விசுவாசத்தைக் காட்டி மற்ற விதவைகளிடம் வசூல் செய்வது, நாற்பதாம் வசனத்துக்காரர்கள் செய்கிற வேலை.

“சபை நடத்தச் செலவு இருக்கிறதே, மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது?” நாம்தான். கொடுப்போம். சந்தோஷமாகக் கொடுப்போம். பவுலே கேட்டிருக்கிறார், தனக்காக அல்ல, எருசலேமில் இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காக. எப்படிக் கேட்டார்? விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் மனதில் நியமித்தபடி. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படி. அதுவும் போதாதென்று, இந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்லாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் கூடவே அனுப்பினார். அப்போஸ்தலன்! அவருக்கே தன் கணக்கை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நம் சபையில் கடைசியாக வரவு செலவுக் கணக்கு எப்போது வாசிக்கப்பட்டது? விசுவாசிகள் கொடுக்காத கணக்கு மட்டும் பெயரோடு, மாதத்தோடு துல்லியமாக இருக்கிறது. கொடுத்ததெல்லாம் எங்கே போனது என்ற கணக்கைக் கேட்டால் “ஊழியக்காரரைச் சந்தேகப்படாதே” என்கிறார்கள்.

ஜார்ஜ் முல்லர் 1836-இல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு தொடங்கினார். அவர் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். தேவையைச் சொல்லி மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டார். கடன் வாங்குவதில்லை. வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் அறிக்கை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். கொடுத்தவர்களைப் பெயர் சொல்லிப் பெருமைப்படுத்தவில்லை. அவருடைய கதையைப் பிரசங்கத்தில் உருக்கமாகச் சொல்கிறோம். கணக்கு விஷயத்தில் மட்டும் அவரை விட்டுவிடுகிறோம்.

அப்புறம் இன்னொன்று. இது யாரும் கேட்காத கேள்வி, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாக்கிப் பட்டியல் இப்படித் திடீரென்று முளைக்கவில்லை. பணம் இருப்பவனைப் பார்த்தால் முன்வரிசை காலியாகிறது. பொன்மோதிரம் போட்டவனுக்கு ‘இங்கே உட்காரும்’, தரித்திரனுக்கு ‘அங்கே நில்லு’ என்று யாக்கோபு எழுதியது அப்படியே நடக்கிறது. கார் வாங்கினால் சாட்சி, வீடு கட்டினால் சாட்சி. கடனை அடைத்துவிட்டேன் என்று யாரையாவது மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறோமா? வேலைக்காரருக்குப் பாக்கியில்லாமல் கூலி கொடுத்துவிட்டேன், லஞ்சம் வாங்க மறுத்ததால் பதவி உயர்வு போய்விட்டது, வாங்க நினைத்த பொருளை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டினேன், இந்தச் சாட்சிகளை நான் கேட்டதே இல்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு இயேசுவிடம் என்ன சொன்னான்? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனை திருப்பி. ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொன்னது அப்போதுதான். ஆலயத்துக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று அவனிடம் அவர் கேட்கவில்லை.

“உள்வீட்டு விஷயத்தை முகநூலில் எழுதலாமா? புறஜாதியார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?” இந்தக் கேள்விதான் என்னை அதிகமாகப் புண்படுத்தியது. மேடையில் மைக் வைத்து, நேரலையில், ஒரு பெண்ணின் பெயரைப் பிள்ளைக்கு முன்னால் வாசித்தபோது அது உள்வீட்டு விஷயமாகத் தெரியவில்லை. நான் எழுதினால் மட்டும் சபையின் மானம் போகிறது. அவருடைய மானம் யாருடைய கணக்கில் வரும்? என்னைப் பின்மாற்றக்காரன், விசுவாசத்தை விட்டு விலகியவன் என்று எழுதியவரே, என் வீட்டில் நீங்கள் வந்து ஜெபித்திருக்கிறீர்கள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பரவாயில்லை.

போதகர்மேல் எனக்கு விரோதம் இல்லை. அம்மா இறந்தபோது இரவு முழுக்க எங்களோடு இருந்தவர் அவர். அதை மறக்க மாட்டேன். அதனால்தான் அவர் வாயிலிருந்து அந்தப் பட்டியல் வந்தபோது தாங்க முடியவில்லை.

இந்த வாரம் அவரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். நாலு விஷயம் கேட்கப் போகிறேன். அந்த வீடியோவை நீக்க வேண்டும். இனி எந்தப் பட்டியலும் வாசிக்கக்கூடாது. இந்த வருஷத்து வரவு செலவுக் கணக்கு சபைக்கு முன் வாசிக்கப்பட வேண்டும். அந்தக் குடும்பத்தின் மருத்துவச் செலவுக்குச் சபை என்ன செய்யும் என்பதை மேடையில் பேச வேண்டாம், மூப்பர்கள் நேரில் போய்ப் பேசட்டும். என்னோடு வர விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.

கருத்து எழுத வருகிறவர்கள் தாராளமாக என்னைத் திட்டுங்கள். ஆனால் அந்தச் சகோதரியின் பெயரை யார் எழுதினாலும், அனுதாபமாகவே எழுதினாலும், அழித்துவிடுவேன்.