அந்தப் பட்டியலில் சைபர் இல்லை

போன வாரம் ஒரு ராத்திரி, அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படிப்பை முடித்து பதினான்கு மாதம் ஆகிறது. "சித்தி, இதுல எதைப் போடறதுன்னு தெரியல. கொஞ்சம் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். ஒரு வேலைக்கான விண்ணப்பம். ரெஸ்யூமை ஏற்றியாகிவிட்டது. ஏற்றிய பிறகு, அதில் இருக்கும் அத்தனை விவரத்தையும் மறுபடி கட்டம் கட்டமாக டைப் அடிக்கச் சொல்கிறது. அதையும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அடித்து முடித்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் 'மொத்த அனுபவம்' என்று ஒரு கட்டம். அதைத் தட்டினால் ஒரு பட்டியல் இறங்குகிறது. 1 முதல் 2 வருடம், 2 முதல் 4 வருடம், 4 முதல் 7 வருடம், 7 வருடத்துக்கு மேல். அவ்வளவுதான். சைபர் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. இத்தனைக்கும் விளம்பரத் தலைப்பிலேயே 'ஃபிரெஷர்களும் விண்ணப்பிக்கலாம்' என்று போட்டிருக்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டால், நிரப்பாமல் மேலே போக முடியாது என்று சிவப்பு எழுத்தில் வருகிறது.

"ஒண்ணுன்னு போட்டுடு" என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. அவளும் போடவில்லை. பட்டியலை இரண்டு தடவை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு. தேதி, நிறுவனம், என்ன வேலை, பதில் என்று நான்கு பத்திகள். எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று வரிகள். கடைசிப் பத்தியில் ஒன்பது இடத்தில்தான் ஏதோ எழுதியிருக்கிறது. ஒன்பதும் 'இல்லை'. மீதி எல்லாம் வெறும் கட்டம். "இல்லைன்னு சொன்னாக்கூடப் பரவால்ல சித்தி. அந்த இடத்துல எழுதறதுக்கு ஒண்ணு இருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். அவளுக்காக மட்டும் எழுதவில்லை. நான் வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் கடைசி ஏழு வருடமாக இன்டர்வியூ எடுக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பட்டியலைத் தயாரிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு வீட்டுப் பிள்ளையின் கதை இல்லை. 2017 கடைசியிலிருந்து தன் தளத்தில் வந்த கிட்டத்தட்ட 40 லட்சம் வேலை விளம்பரங்களை லிங்க்ட்இன் அலசி, 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 'தொடக்கநிலை வேலை' என்று போட்ட விளம்பரங்களிலேயே 35 சதவீதம் முன் அனுபவம் கேட்டன. மென்பொருள், ஐடி துறையில் இன்னும் மோசம். அங்கே தொடக்கநிலை வேலைகளில் 60 சதவீதத்துக்கு மேல் மூன்று வருடமோ அதற்கு மேலோ அனுபவம் கேட்டன. மூன்று வருடம் வேலை பார்த்தவரை எந்தக் கணக்கில் தொடக்கநிலை என்று சொல்கிறோம்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த இடத்தில்தான் இந்தப் பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரே பதில்தான். "சொல்லிக் கொடுத்து ஆளாக்கினா, அடுத்த வருஷமே வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க." நானே இதைச் சொல்லியிருக்கிறேன். கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1960களிலேயே இதை விளக்கிவிட்டார். எங்கே போனாலும் பயன்படுகிற திறமையை ஒருவருக்குக் கற்றுக் கொடுத்தால் அதன் பலன் அவரோடு போய்விடும், அதனால் அந்தச் செலவை ஏற்க முதலாளிக்கு மனம் வராது. நியாயமான கணக்குத்தான். ஆனால் எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில் அதே கணக்கைப் போட்டால் யார்தான் கற்றுக் கொடுப்பது? யாரோ பழக்கிய ஆளை எடுத்துக்கொள்ள எல்லோரும் காத்திருக்கிறோம். பழக்குகிறவர் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது அமண்டா பல்லாய்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்த ஒரு சோதனை. 2014இல் வெளியானது. இணையம் வழியாக வேலை வாங்கும் ஒரு தளத்தில், டேட்டா என்ட்ரி வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் 952 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து வேலை கொடுத்தார். பெரிய வேலை ஒன்றும் இல்லை, சுமார் பத்து மணி நேர வேலை. முடித்ததும், எப்படிச் செய்தார்கள் என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி மதிப்பீடு எழுதினார். சிலருக்குச் சுருக்கமாக, சிலருக்கு விரிவாக. அவ்வளவுதான் செய்தார். அதற்குப் பிறகு, அனுபவமே இல்லாமல் வந்து அந்த வேலை கிடைத்தவர்களுக்கு, கிடைக்காதவர்களைவிட மேற்கொண்டு வேலைகளும் அதிகம் வந்தன, வருமானமும் கூடியது. கவனியுங்கள், அவர்களைத் திறமை பார்த்துப் பொறுக்கி எடுக்கவில்லை. குலுக்கல். இரண்டு பக்கத்தினரும் ஒரே மாதிரி ஆட்கள்தான். யாரோ ஒருவர் முதல் தடவை நம்பி ஒரு வேலை கொடுத்து, "இவர் ஒழுங்காகச் செய்தார்" என்று நாலு வரி எழுதிவைத்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இதைப் படித்த பிறகு, நான் 'தகுதி இல்லை' என்று ஒதுக்கி வைத்த ரெஸ்யூம்களை நினைத்தேன். தகுதி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்துகொள்கிற செலவை நான் ஏற்கத் தயாராக இல்லை, அதுதான் உண்மை.

அந்தச் செலவை நிறுவனம் ஏற்காவிட்டால் அது காணாமல் போய்விடாது, வீட்டுக்கு வந்துவிடும். சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் என்று ஆறு மாதம். காசு கட்டி ஒரு சான்றிதழ் படிப்பு, அதற்கு மேல் இன்னொன்று. ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் பிள்ளையை வைத்துத் தாங்க முடிகிற குடும்பம் தாங்குகிறது. முடியாத வீட்டுப் பிள்ளை கிடைத்த வேலைக்குப் போகிறது. போன வேலை படிப்புக்குச் சம்பந்தமில்லாதது, அதனால் அதுவும் அனுபவக் கணக்கில் சேராது. கெட்டிக்காரத்தனத்தில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம்.

இப்போது இதில் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்து 2025 ஆகஸ்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு அதிகம் நுழைந்திருக்கும் தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்திருக்கிறது. அதே தொழில்களில் வயதில் மூத்தவர்களுக்கு அப்படிச் சரியவில்லை. இதற்கு அது மட்டும்தான் காரணமா என்று ஆய்வாளர்களுக்குள்ளே இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்கு அதைத் தீர்த்துச் சொல்லத் தெரியாது. ஆனால் எந்த மாதிரி வேலைகள் முதலில் போகின்றன என்பதை என் மேஜையிலிருந்தே பார்க்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, முதல் வரைவு போடுவது, கணக்கைச் சரிபார்ப்பது. எல்லாம் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் கொடுக்கிற வேலைகள்.

நான் தொழில் கற்றதே அந்த வேலையில்தான். சேர்ந்த முதல் மூன்று மாதம், இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிடுவதுதான் என் வேலை. ஒரு நாள் ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டேன். என் மேலதிகாரி அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொண்டுவந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கண்ணு மட்டும் போனா போதாது, விரலும் கூடப் போகணும்" என்று தன் ஆள்காட்டி விரலை வரிசையாக நகர்த்திக் காட்டினார். திட்டவில்லை. இன்றைக்கும் ஒரு பெரிய அறிக்கை வந்தால் என் விரல் தானாகத் திரைமேல் போகிறது. எந்த எண் தப்பாக இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் தோன்றுவது அந்த மூன்று மாதத்தில் வந்தது. அந்த வேலையை ஒரு மென்பொருள் இப்போது நொடியில் செய்துவிடுகிறது, சரி. ஆனால் அது செய்தது சரியா என்று பார்க்க இன்னும் பத்து வருடம் கழித்து ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளை எங்கிருந்து கொண்டுவருவோம்?

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல, வேலை இருக்கு, தேட மாட்டேங்கறாங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். அவர்களிடம் அந்த நோட்டைக் காட்டவேண்டும் போல இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2023இல் உலகம் முழுக்க 15 முதல் 24 வயதுக்குள் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 6 கோடியே 49 லட்சம் பேர், அதாவது அந்த வயதில் வேலை பார்ப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த மொத்தத்தில் 13 சதவீதம். பதினைந்து வருடங்களில் இதுதான் குறைவு என்றும் அதே அறிக்கை சொல்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வயதில் ஐந்தில் ஒருவர் படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இத்தனை பேருக்கும் சேர்ந்தாற்போல் பொறுமை போய்விட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தக் காத்திருப்பு, வேலை கிடைத்த அன்றோடு முடிந்துவிடுவதும் இல்லை. கனடாவில் பொருளாதாரம் சரிந்த நேரத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவு. அந்தப் பள்ளம் நிரம்ப ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. ஜப்பானில் 1990களின் நடுவிலிருந்து 2000களின் ஆரம்பம் வரை படித்து முடித்தவர்களை 'வேலைவாய்ப்புப் பனியுகத் தலைமுறை' என்றே அழைக்கிறார்கள். நிரந்தர வேலைக்குள் நுழைய முடியாமல் போனவர்கள். அவர்களுக்கென்று அரசு 2019இல் தனித் திட்டம் கொண்டுவந்தபோது பலர் நாற்பதைத் தொட்டிருந்தார்கள், தாண்டியும் இருந்தார்கள். முதல் படியில் கால் வைக்க விடாததற்கு ஒரு தலைமுறை கொடுத்த விலை அது.

இன்டர்வியூவில் "இந்த ஒரு வருஷ கேப்புல என்ன பண்ணீங்க?" என்று நானும் கேட்டிருக்கிறேன். அறுபத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன் என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். அந்தக் கேள்வியை இனி கேட்கப் போவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் தொழிற்பயிற்சி முறையில், முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இரண்டு முதல் மூன்றரை வருடம் நிறுவனத்திலேயே பயிற்சி, கூடவே தொழிற்பள்ளி. பயிற்சிக் காலத்தில் நிறுவனம் ஊதியம் தர வேண்டும். அதிலும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு, குறைகள் உண்டு. ஆனால் கற்றுக்கொடுப்பது நிறுவனத்தின் வேலையும்தான் என்று ஒரு நாடு ஒத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

சட்டம் வரும்போது வரட்டும். என் மாதிரி நாற்காலியில் இருப்பவர்கள் நாளைக்கே செய்யக்கூடியது உண்டு. போன வருடம் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் 'இரண்டு வருட அனுபவம்' என்ற வரியை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். வந்தவர்களில் ஆறு பேருக்கு ஒரு நாள் வேலை கொடுத்து, அதற்குப் பணமும் கொடுத்து, செய்ததைப் பார்த்து ஒரு பையனை எடுத்தோம். முதல் நான்கு மாதம் எனக்குச் சிரமம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது அவன் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஐந்தாவது மாதம், நான் கவனிக்காமல் விட்ட ஒரு தப்பை அவன் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். எடுக்காத ஐந்து பேருக்கும் ஏன் எடுக்கவில்லை, என்ன நன்றாகச் செய்தார்கள் என்று எழுதி அனுப்பினேன். அதில் ஒரு பெண் அந்தக் கடிதத்தை அடுத்த இன்டர்வியூவில் காட்டலாமா என்று கேட்டாள். தாராளமாகக் காட்டு என்றேன். தென்னாப்பிரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், முன்பு வேலை பார்த்த இடத்துக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்தபோது முதலாளிகளிடமிருந்து அழைப்பு 60 சதவீதம் கூடியிருக்கிறது. ஒரு பக்கம் எழுத நமக்குப் பத்து நிமிடம் ஆகுமா?

அடுத்த மாதம் எங்களிடம் இன்னும் இரண்டு இடம் வருகிறது. அனுபவம் என்ற கட்டத்தில் சைபரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பிக்கிற எல்லோருக்கும், இல்லை என்றாலும், இரண்டு வாரத்துக்குள் பதில் போகவேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண்ணின் துறை வேறு, அதனால் அவளுக்கு இதில் ஒன்றும் ஆகாது. அவள் நேற்று அறுபத்து நான்காவது வரியை எழுதிவிட்டாள்.

உங்கள் அலுவலகத்தில் அனுபவம் கேட்காத இடம் ஏதாவது காலியாக இருந்தால் கீழே எழுதுங்கள். என்ன வேலை, யாருக்கு எழுத வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்று மூன்று வரி போதும். படிக்கிறவர்களில் யாருக்காவது அது தேவைப்படும்.