வாய்ப்பாடு மட்டும் போதாது

வாய்ப்பாடு மனப்பாடமானால் பெரிய பெருக்கல் தானாக வந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலக்கோடு பக்கம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 16-ஆம் வாய்ப்பாடு வரை கடகடவென ஒப்பிக்கிற பையன், 34 × 26-க்கு 272 என்று எழுதினான். 34 × 6 = 204, அதற்குக் கீழே 34 × 2 = 68-ஐ நேராகப் போட்டுக் கூட்டிவிட்டான். 26-இல் இருக்கும் அந்த 2 உண்மையில் 20 என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

"34 பெட்டி தக்காளி, பெட்டிக்கு 26 கிலோ. மண்டியில 272 கிலோவுக்குத்தான் காசுன்னா உங்கப்பா சும்மா வருவாராடா?" என்றேன்.

"பத்துப் பெட்டியே 260 ஆச்சே சார்!"

சரி, வழிக்கு வந்தான். அப்புறம் 34-ஐ 30, 4 என்றும் 26-ஐ 20, 6 என்றும் பிரித்து, கட்டம் போட்டு 600, 180, 80, 24 என்று எழுதவைத்தேன், கூட்டினால் 884. நேரம் பிடிக்கும்தான், பாடத்தை முடிக்கச் சொல்லி நெருக்குவார்கள். இப்போது அவன் இரண்டாம் வரியில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுத்தான் பெருக்கவே ஆரம்பிக்கிறான்.