பறிமுதல் செய்தியோட நிறுத்திடாதீங்க

புலனாய்வு செய்தியெல்லாம் இப்ப யாரு படிக்கிறாங்கன்னு கட்டுரையில கேட்டிருக்கீங்க, நாங்க படிப்போம் சார். எங்க ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் கடல் அட்டை (கடலடியில வாழுற ஒரு உயிரினம், கடத்துறாங்க) பறிமுதல்னு அடிக்கடி செய்தி வருது, அதிகாரிங்க குடுத்த பிரஸ் நோட்ட அப்படியே போட்டுடுறாங்க, பேரு வர்றது பெரும்பாலும் வண்டி ஓட்டினவரு, அட்டைய அவிச்ச கூலி ஆளு இவங்கதான். 2001லயே தடை போட்ட சரக்கு இன்னும் எப்படி கடல் தாண்டுது, பணம் போடுறது யாரு, கேஸ் கோர்ட்ல என்னாச்சு? இத ஒருத்தராச்சும் தோண்டணும்ல. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 90கள்ல எங்க ராமநாதபுரத்துல ஊர் ஊரா சுத்தி எழுதினாரே, அப்படி தங்கியிருந்து விசாரிக்கணும். தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டா 30 நாள்ல பதில் தரணும், ஆனா பல உள்ளூர் நிருபருக்கு ஒழுங்கா சம்பளமே கிடையாது, மிரட்டல் வந்தா பத்திரிகையும் கூட நிக்கிறதில்ல. மொதல்ல அவங்களுக்கு ஒரு வக்கீல் வச்சுக் குடுங்க.